அமிலம் விடுவதற்கு முன்

ஆற்றிலோ ஏரியிலோ உலோகத்தை அளக்கப் போகிறவர், நீரைப் புட்டியில் பிடித்ததும் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு அதன் பிஹெச் அளவை 2-க்குக் கீழே இறக்குகிறார். புட்டிச் சுவரில் உலோகம் ஒட்டாமலிருக்க அது தேவைதான். ஆனால் செம்போ ஈயமோ அந்த நீரில் எந்த வடிவில் இருந்தது என்ற செய்தி அச்சொட்டுகளோடு அழிந்துபோகிறது. பிறகு ஆய்வகம் தருவது மொத்தக் கணக்கு மட்டுமே. அதை மட்டும் வைத்து ஒரு நீர்நிலையின் நலத்தைத் தீர்மானிப்பது தவறு. தனித்த அயனியை அளக்கும் மின்வேதி உணரிகளை நீர்க்கரைக்கே கொண்டுபோக வேண்டும் என்பதே என் வாதம்.

1976-இல் வில்லியம் சண்டாவும் ராபர்ட் கில்லார்டும் நுண்பாசிகளைச் செம்பு கலந்த நீரில் வளர்த்தார்கள். செம்பைப் பிடித்துவைக்கும் ஈனியின் அளவையும் பிஹெச்சையும் மாற்றிமாற்றிப் பார்த்தார்கள். மொத்தச் செம்பு எவ்வளவு என்பதைப் பொறுத்து வளர்ச்சி குன்றவில்லை; தனித்த செம்பு அயனியின் செயல்திறனைப் பொறுத்தே குன்றியது. உயிரணுவின் மேற்பரப்பும் நீரிலுள்ள ஈனிகளும் ஒரே அயனிக்காகப் போட்டியிடுகின்றன என்பதே இதன் விளக்கம். திறந்த கடலின் மேல்நீரில் கரைந்துள்ள செம்பில் 99 சதவீதத்துக்கும் மேல் கரிம ஈனிகளின் பிடியில் இருப்பதை, கென்னத் கோலும் கென்னத் புரூலண்டும் வடகிழக்குப் பசிபிக்கில் கண்டு 1988-இல் வெளியிட்டார்கள். எஞ்சிய துளியளவுதான் உயிரின் பாட்டைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் சான் டியாகோ விரிகுடாவில், படகுகளின் அடியில் பூசும் செம்புச் சாயம் நீரில் கசிகிறது. ஆனால் அங்கே உவர்நீருக்கான செம்பு வரம்பு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம். அது கரைந்த செம்பு முழுவதையும் ஒன்றாகக் கூட்டிய எண். கட்டுண்டதற்கும் கட்டற்றதற்கும் அதில் வேறுபாடு இல்லை.

இத்தனை சிறிய அளவை மின்முனை எப்படி உணரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஈனி இல்லாத தூய நீரில் செம்பு மின்முனை மைக்ரோமோல் அளவை ஒட்டியே தடுமாறத் தொடங்குகிறது. மின்முனையிலிருந்து கரையும் செம்பே அந்த நீரை நிரப்பிவிடுகிறது. ஆனால் ஈனி மிகுந்த நீரில் கசியும் செம்பை அந்த ஈனி உடனே பிடித்துக்கொள்வதால், தனித்த அயனியின் அளவு நிலைத்து நிற்கிறது. அங்கே நெர்ன்ஸ்ட் சமன்பாடு சொல்வதுபோல், அயனியின் செயல்திறன் பத்து மடங்கு மாறினால் ஏறத்தாழ 29.6 மில்லிவோல்ட் மாற்றம் பிக்கோமோலுக்கும் கீழே வரை கிடைக்கிறது. ஒரு பிக்கோமோல் என்பதும் 60,000 கோடி அயனிகள்தானே! துத்தநாகம், காட்மியம், ஈயம் ஆகியவற்றுக்கு வேறு வழியும் உண்டு. 2004-இல் ஸ்பெயினின் லெய்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் கல்செரனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆக்னஸ் முறை அது. பாதரசத் துளிக்குள் சேர்ந்த உலோகம் வெளியே உள்ள தனித்த அயனியோடு சமநிலை அடையும்வரை அதில் காத்திருந்து, பிறகு கரைத்து அளக்கிறார்கள். பாதரசம் வேண்டாம் என்போருக்கு, ஜோசப் வாங் குழுவினர் 2000-இல் கொண்டுவந்த பிஸ்மத் படல மின்முனை சில அளவீடுகளுக்குக் கைகொடுக்கும்.

அளப்பதற்குப் பதில் கணக்கிட்டால் போதாதா என்போரும் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2007-இல் நன்னீர்ச் செம்புக்கு வகுத்த நெறி, பிஹெச், கரிமம், கால்சியம் முதலியவற்றிலிருந்து நச்சுத்தன்மையைக் கணக்கிடுகிறது. பெரிய முன்னேற்றம்தான். எனினும் அக்கணக்கு எல்லா இடத்துக் கரிமத்தையும் ஏறக்குறைய ஒரே குணமுள்ளதாகக் கொள்கிறது. சதுப்பு நிலத்து ஹியூமிக் பொருளும் கழிவுநீரிலிருந்து வரும் கரிமமும் செம்பை ஒன்றுபோலவா பிடிக்கும்? கணக்கைச் சோதிக்கவே அளவீடு வேண்டும். தனித்த அயனி முழு உண்மை என்றும் நான் சொல்லவில்லை. வெள்ளி தயோசல்பேட்டோடு சேர்ந்த அணைவு வடிவிலேயே பாசிக்குள் நுழைவது சோதனையில் தெரிந்த செய்தி. அத்தகைய விதிவிலக்கைக் கண்டுபிடிப்பதற்கும் முதலில் தனித்த அயனியின் அளவு தெரிந்தாக வேண்டும்.

இங்கு கூடியுள்ள ஆய்வாளர்களிடம் ஒன்றே கேட்கிறேன். இனி நீர் மாதிரி எடுக்கப் போகும்போது, அமிலப் புட்டியைத் திறப்பதற்கு முன் அந்த நீரில் மின்முனை காட்டும் மில்லிவோல்ட் அளவையும் பிஹெச்சையும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.