பதக்கத்தின் மேல் வீசிய சேறு

கொள்கைக்குப் பதில் சொல்ல வக்கில்லாதவர்கள் ஆளின் மேல் சேற்றை வாரி வீசுவார்கள். எதிரி பட்டாளத்தில் இருந்தவர் என்றால், அந்தப் பட்டாளச் சேவையின் மேலேயே வீசுவார்கள். 2004-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நடந்தது இதுதான்.

புஷ்ஷை எதிர்த்து நின்றவர் ஜான் கெர்ரி. வியத்நாம் யுத்தத்தில் மீகாங் ஆற்றுப் பகுதியில் ரோந்துப் படகுக்குத் தலைமை வகித்தவர். ஐந்து பதக்கங்கள் பெற்றவர். அவற்றில் மூன்று, காயம்பட்டதற்காகக் கிடைத்தவை. புஷ்ஷோ 1968-ல் டெக்சாஸ் விமானக் காவல் படையில் சேர்ந்தவர். வியத்நாம் மண்ணில் சண்டையிடாதவர். துணை ஜனாதிபதி செனி கட்டாயப் பட்டாளச் சேவையிலிருந்து ஐந்து முறை விலக்குப் பெற்றவர்.

சண்டைக்குப் போகாதவர், போனவரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? புஷ் தம் வாயால் சொல்லவில்லை. முன்னாள் படகு வீரர்களின் குழு ஒன்று முளைத்தது. ஆகஸ்டில் டெலிவிஷனில், "கெர்ரியின் வீரம் பொய்" என்று கூவியது. கூவியவர்களில் பெரும்பாலோர் கெர்ரியின் படகில் கால் வைக்காதவர்கள்! அந்தப் படகில் கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் கெர்ரியின் பக்கம் நின்றார்கள். பதக்கங்கள் முறைப்படியே வழங்கப்பட்டன என்று கடற்படையும் செப்டம்பரில் கூறியது.

பணம் யாருடையது? ஹூஸ்டன் நகரத்து வீடு கட்டும் கோடீஸ்வரர் பாப் பெர்ரி, 40 லட்சம் டாலருக்கு மேல் அள்ளிக் கொடுத்தார். அவதூறுக்கும் முதலாளி உண்டு, தோழர்களே!

உண்மையான ஆத்திரம் பதக்கத்தின் மேல் அல்ல. 1971 ஏப்ரலில், ஊர் திரும்பிய கெர்ரி செனட் கமிட்டியின் முன் நின்று, இந்த யுத்தம் தவறு என்று சாட்சி சொன்னார். அந்தச் சாட்சியத்தைத்தான் அடுத்த விளம்பரத்தில் இழுத்தார்கள்.

கெர்ரி என்ன செய்தார்? 1971-ல் பேசிய உண்மையைக் கொடியாகப் பிடிக்கவில்லை. பதக்கத்தைக் கொடியாகப் பிடித்தார். பாஸ்டன் மாநாட்டில் சிப்பாயைப் போல் சல்யூட் அடித்தார். இராக் யுத்தத்துக்கு அதிகாரம் கொடுக்க 2002-ல் கை தூக்கியவரும் அவரே. பிறகு எந்த முகத்தோடு யுத்தத்தை எதிர்ப்பது?

அந்த செப்டம்பருக்குள் இராக்கில் 1,000 அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டுவிட்டார்கள். மாண்ட இராக்கிய மக்களோ அதைவிடப் பன்மடங்கு. பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. ஆனால் நாடு முழுவதும் விவாதித்தது, 35 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆற்றில் நடந்ததைப் பற்றி! நவம்பரில் புஷ் வென்றார். யுத்தம் தொடர்ந்தது.

போனஸ் கேட்டால் சங்கத் தலைவரின் பழங்கதையைக் கிளறும் தந்திரம் நாம் அறியாததா? சேறு பறக்கும்போது நாம் மூன்று கேள்விகள் கேட்போம்: கூலி கொடுத்தது யார்? கூட இருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? எந்தக் கேள்வியை மூடி மறைக்க இந்தச் சேறு?