மேலே விரிசல், கீழே காற்று



நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றிய இந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். முதல் நாள் முழுக்கக் காற்றோட்டம், இரண்டாம் நாள் முழுக்க நில அமிழ்வு. பாடப்புத்தகத்தில் இவை தனித்தனி அத்தியாயங்கள். சுரங்க அலுவலகத்தில் தனித்தனி அறைகள். காற்றோட்ட அதிகாரியிடம் ஒரு வரைபடம், சர்வேயரிடம் வேறொரு வரைபடம். நிலத்துக்கு மட்டும் இந்தப் பாகப்பிரிவினை தெரியாது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் காற்று. மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை காற்றில் கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். ஆகவே, ஒரு பகுதியைச் சுற்றித் திரும்பும் காற்றில் எரிவாயு 0.75 விழுக்காட்டையும், உள்ளே வேறெந்த இடத்திலும் 1.25 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்கிறது நம் நாட்டு நிலக்கரிச் சுரங்க விதி. அதிக ஆட்கள் இறங்கும் ஷிப்டில் ஆளுக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டர், அல்லது அன்றாட உற்பத்தியில் டன்னுக்கு 2.5 கன மீட்டர், எது கூடுதலோ அவ்வளவு காற்று போக வேண்டும். போதாவிட்டால் பெரிய விசிறி போட்டால் ஆயிற்று என்று வெளியிலிருப்பவர்களுக்குத் தோன்றும். சுரங்கப் பொறியாளர் அட்கின்சன் 1854இலேயே கணக்கை எழுதி வைத்துவிட்டார்: காற்று இருமடங்கு வேண்டுமென்றால் அழுத்தம் நான்கு மடங்கு, செலவாகும் சக்தி எட்டு மடங்கு. மின்கட்டணத்தை விடுங்கள். அந்த நான்கு மடங்கு அழுத்தம் நாம் போட்ட பாதையோடு நிற்காது. கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு சந்துபொந்தையும் பிடித்து இழுக்கும்.

அடுத்து நிலம். தூண்களை விட்டுவைத்து அறை அறையாக வெட்டுகிறோம். பிறகு தூண்களையும் எடுத்துக்கொண்டு பின்வாங்குகிறோம். விட்டுவந்த வெற்றிடத்தில், நம் ஆட்கள் 'கோஃப்' என்று சொல்லும் இடத்தில், கூரை இடிந்து விழுகிறது. அந்த இடிவு படிப்படியாக மேலேறி, தரைமட்டத்தில் ஆழமில்லாத அகன்ற தட்டுப்போல் ஒரு பள்ளமாகத் தெரிகிறது. தட்டின் நடுவில் நிலம் நெருக்கப்படுகிறது. விளிம்பில் இழுபட்டுக் கிழிகிறது. மணலைத் தண்ணீரோடு குழாய்வழி இறக்கி கோஃபை நிரப்பினால் பள்ளம் வெகுவாகக் குறையும். தாமோதர் நதி மணல் பல்லாண்டுகளாக அப்படித்தான் ஜாரியா, ராணிகஞ்சு நிலக்கரி வயல்களுக்கு அடியில் போயிருக்கிறது. சர்வேயர் முளை அடித்து, மட்டம் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று குறிப்பார். வீடு, சாலை, தண்டவாளம் தப்பித்தனவா என்பதே அவர் கவலை.

இளம் அதிகாரியாக இருந்தபோது ஒரு மூத்த சர்வேயருடன் அப்படியொரு பள்ளத்தின் விளிம்பில் நடந்தேன். விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அவர் சட்டைப்பையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை எடுத்துக் கொளுத்தி அதன்மேல் பிடித்தார். மேலே போக வேண்டிய புகை வளைந்து, நூல் கோத்ததுபோல் விரிசலுக்குள் இறங்கியது. "விசிறி இங்கேயும் மூச்சு வாங்குது பாருங்க தம்பி" என்றார். எங்கள் காற்றோட்ட வரைபடத்தில் அந்த வழி இல்லை.

அந்தப் புகை போன இடத்தில்தான் ஆபத்து. கோஃபில் எடுக்காமல் விட்ட கரியும் தூளும் கிடக்கும். கரி ஆக்சிஜனை உறிஞ்சிச் சூடேறும் பொருள். காற்றே போகாவிட்டால் சூடேறாது. நிறையப் போனால் சூட்டைக் காற்றே அடித்துச் சென்றுவிடும். விரிசல் வழியே கசியும் கொஞ்சக் காற்று, சூடேற்றப் போதும், ஆற்றப் போதாது. அங்கே கார்பன் மோனாக்சைடு பிறக்கிறது. உறிஞ்சிய ஆக்சிஜனுக்கு எவ்வளவு மோனாக்சைடு என்று பார்க்கும் கிரஹாம் விகிதம் 1 விழுக்காட்டைத் தொட்டால் உள்ளே எங்கோ கரி சூடேறுகிறது என்று பொருள். 1994 ஜனவரியில் ராணிகஞ்சு நிலக்கரி வயலின் நியூ கெண்டா சுரங்கத்தில் தீ மூண்டபோது 55 பேர் மூச்சுமுட்டியே மாண்டார்கள். அங்கே தீயின் காரணம் எதுவாயினும், புகையை ஆட்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது காற்றுப்பாதைதான்.

ஜாரியா இந்தப் பாடத்தின் பெரிய ஏடு. 1916இல் முதல் தீ பதிவாயிற்று. அடுக்கடுக்காகக் கரிப் படுகைகள், மேலடுக்கில் பழைய மெலிந்த தூண்கள், சில இடங்களில் வரைபடமே இல்லாதவை. தீ தூணைத் தின்றால் தரை இறங்கும். தரை இறங்கினால் விரிசல் விடும். விரிசல் தீக்குக் காற்று ஊட்டும். இதற்கு அஞ்சியே 2017 ஜூனில் தன்பாத் – சந்திரபுரா ரயில் பாதையை மூட வேண்டி வந்தது. 2019இல்தான் மீண்டும் வண்டி ஓடியது. ரயில் திரும்பி வந்தாலும், தீயாலும் இறங்கிய தரையாலும் வீடு பெயர்ந்த குடும்பங்கள் பழைய தெருவுக்குத் திரும்ப முடியாது.

ஆகவே கட்டுரை வாசிக்கப்போகும் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். அமிழ்வைக் கணித்தவர்கள், விளிம்பில் எங்கே கிழியும், அதை எத்தனை நாளில் மண்ணிட்டு மூடுவது என்பதையும் சொல்லுங்கள். விசிறியை வடிவமைத்தவர்கள், அந்த அழுத்தத்தில் கோஃப் வழியே எவ்வளவு கசியும் என்பதையும் சொல்லுங்கள். தூணெடுப்பைத் திட்டமிட்டவர்கள், கரி தானாகச் சூடேற எடுக்கும் காலத்துக்குள் வெட்டும் பகுதியை, அதாவது பேனலை, முடித்துச் சுவரெழுப்பி அடைத்துவிட முடியுமா என்று கணக்குக் காட்டுங்கள். முடியாது என்றால் பேனல் பெரிது. வெட்டத் தொடங்கும் முன்பே அதைச் சிறிதாக்குங்கள்.

அமைப்பாளர்களுக்கும் ஒன்று. நாளை மாலை நிறைவு அமர்வில் இரண்டு வரைபடங்களையும் ஒரே மேசையில், ஒன்றின்மேல் ஒன்றாக விரித்து வையுங்கள். சர்வேயரின் விரிசலும் காற்றோட்ட அதிகாரியின் அம்புக்குறியும் எங்கெங்கே சந்திக்கின்றன என்று சிவப்பு மையால் குறிப்போம். அந்தச் சிவப்புப் புள்ளிகளே இக்கருத்தரங்கின் தீர்மானங்களாகட்டும்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.