குடிசையை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா?



நாம் இன்று நினைவுகூரும் தோழர், மனு எழுதுவதும் இலக்கியம்தான் என்று சொல்லி வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்காக அவர் எழுதிக்கொடுத்த மனுக்களில் பெரும்பாலானவை வீடு பற்றியவை. அதனால் அவர் பெயரிலான இந்த மேடையில் வீட்டைப் பற்றியே பேச நினைக்கிறோம்.

சென்னையில் 'ஹவுசிங் போர்டு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அண்ணா நகரிலும் அசோக் நகரிலும் கே.கே. நகரிலும் அது தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் தவணைக்குக் கொடுத்த மனையையும் வீட்டையும் குறிக்கும். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் அது குடிசைப்பகுதி மாற்று வாரியம் கட்டிய மாடி வீடுகளைக் குறிக்கும். முதல் ஹவுசிங் போர்டில் வீடு இருப்பதாகச் சொன்னால் பெண் கொடுப்பார்கள். இரண்டாவதைச் சொன்னால் வேலை கொடுக்கவே யோசிப்பார்கள். இரண்டும் அரசு வாரியங்கள்தான். இரண்டும் பொது நிலத்திலும் பொதுப் பணத்திலும் கட்டியவைதான். ஒன்றில் குடியேறியவர் 'ஒதுக்கீட்டாளர்', மற்றொன்றுக்கு அனுப்பப்படுபவர் 'ஆக்கிரமிப்பாளர்'. இந்தப் பெயர் வேறுபாடு எப்படி வந்தது என்று கேட்பதுதான் இந்த உரையின் நோக்கம்.

வீட்டுவசதி வாரியம் 1961இல் அமைந்தது. குடிசைப்பகுதி மாற்று வாரியம் 1970இல் கலைஞர் ஆட்சியில் உருவானது. 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்பது அதன் முழக்கம். மறு ஆண்டே, 1971இல், குடிசைப் பகுதிகளுக்கான சட்டம் வந்தது. மாணவத் தோழர்கள் அந்தச் சட்டத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். மனிதர் வாழத் தகுதியற்ற நிலையில் உள்ள பகுதியைக் 'குடிசைப்பகுதி' என்று அரசு முறைப்படி அறிவிக்க அது வழி செய்கிறது. அப்படி அறிவித்துவிட்டால், அங்கே குடிநீர், கழிப்பறை, விளக்கு, பாதை ஆகியவற்றை மேம்படுத்தும் பொறுப்பு வாரியத்துக்கு வருகிறது. வாடகைக்குக் குடியிருப்பவரை உரிய அதிகாரியின் அனுமதியின்றி வெளியேற்ற முடியாது என்ற பாதுகாப்பும் கிடைக்கிறது. அதாவது 'குடிசைப்பகுதி' என்பது வசைச்சொல் அல்ல. சட்டத்தில் அது ஓர் உரிமைச் சொல்.

1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அப்படி அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அத்துடன் பட்டியல் நின்றுவிட்டது. ஆனால் நகரம் நிற்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மக்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் குடிசைப் பகுதிகளில்தான் வாழ்ந்தார்கள். பட்டியலுக்கு வெளியே பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. பட்டியலில் பெயர் ஏறாதவரை ஆக்கிரமிப்பாளர் என்று அழைப்பது எளிது. பெயரை ஏற்றாதது யார் என்று எவரும் கேட்பதில்லை.

தொடக்க காலத்தில் வாரியம் செய்த நல்லதை மறைக்க வேண்டியதில்லை. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதன் அருகிலேயே, மாடி வீடு கட்டியது. நொச்சிக்குப்பத்து மக்கள் கடலைப் பார்த்தபடியே மாடியேறினார்கள். 1977 முதல் உலக வங்கிக் கடனில் வந்த திட்டங்களில், இருக்கும் இடத்திலேயே அடிப்படை வசதிகளைச் செய்து, தவணையில் மனை உரிமை தரும் முறை வந்தது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் ஏழைகளுக்கும் சேர்த்து மனைகள் பிரிக்கப்பட்டன. குறைகள் இருந்தன. ஆனாலும் ஏழைக்கு நகரத்துக்குள் இடம் உண்டு என்ற ஒப்புதல் அதில் இருந்தது.

2000க்குப் பிறகு அந்த ஒப்புதல் கைவிடப்பட்டது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், 15,000 வீடுகளுக்கும் மேல். ஆழிப்பேரலைக்குப் பின் செம்மஞ்சேரி, 6,000 வீடுகளுக்கும் மேல். அடுத்து பெரும்பாக்கம், எட்டு மாடி அடுக்குகளில் 20,000 வீடுகளுக்கும் மேல். மூன்றும் நகரத்தின் தென்கோடியில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதியில் இருக்கின்றன. வாரியத்தின் பெயரில் இருந்த 'மாற்று' என்ற சொல்லுக்குப் பொருளே மாறிவிட்டது. குடிசையை வீடாக மாற்றுவது போய், குடியிருப்பவரை இடம் மாற்றுவது வேலையாகிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டுப் போதும். தீவுத்திடல் அருகே கூவம் கரையில் சத்தியவாணிமுத்து நகர் இருந்தது. சத்தியவாணிமுத்து யார்? அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்ற தலித் பெண். 1974இல் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் கட்சி தொடங்கியவர். பின்னர் ஒன்றிய அமைச்சரானவர். அவர் பெயர் தாங்கிய அந்தப் பகுதி மக்கள், 2019 டிசம்பர் முதல், பள்ளி ஆண்டின் நடுவிலேயே, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பிள்ளைகளின் தேர்வு முடியும் வரையாவது பொறுங்கள் என்று அந்தத் தாய்மார்கள் கேட்டார்கள். இடிக்கும் இயந்திரத்துக்குத் தேர்வு அட்டவணை தெரியாது.

கட்டில், பாத்திரம், பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். வேலையை ஏற்றிக்கொண்டு போக முடியாது. திருவல்லிக்கேணியில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அம்மா, மூர் மார்க்கெட்டுப் பக்கம் மூட்டை தூக்கும் அண்ணன், மீன்பாடி வண்டி ஓட்டும் பெரியவர் ஆகியோருக்கு நடந்து போகும் தூரத்தில் வேலை இருந்ததுதான் அவர்களுடைய சொத்து. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், டிக்கெட் காசு மிச்சம். ஆனால் போகவும் வரவும் சாலையில் கழியும் நேரத்தை யார் திருப்பித் தருவது? காலை ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வர முடியாத அம்மாவுக்குப் பதிலாக, வீட்டுக்காரர்கள் வேறு ஆளை வைத்துக்கொள்கிறார்கள்.

வெள்ள அபாயத்தில் இருக்கிறார்கள், அவர்களின் பாதுகாப்புக்காகவே அகற்றுகிறோம் என்று சொல்லப்படுகிறது. 2015 வெள்ளத்துக்குப் பின் இந்தப் பேச்சு வலுத்தது. கரையிலிருந்து தூக்கிச் சதுப்பு நிலத்து ஓரத்தில் வைத்தார்கள். செம்மஞ்சேரியில் மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் மக்களிடம் போய் இந்தப் பாதுகாப்பைப் பற்றிக் கேளுங்கள். நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் மனை பிரித்த பகுதிக்குப் பெயரே 'ஏரித் திட்டம்'. பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்காம் கால்வாயிலேயே நிற்கின்றன. அங்கெல்லாம் நீர்நிலை நகர வளர்ச்சிக்கு இடம் கொடுத்தது. கூவம் கரைக் குடிசை மட்டும் ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பு என்பது மண்ணைப் பார்த்துச் சொல்லும் சொல் அல்ல, அதில் நிற்பவரைப் பார்த்துச் சொல்லும் சொல்.

இங்கேதான் சாதி வருகிறது. ஊருக்கு வெளியே சேரி என்பது கிராமத்தின் வரைபடம். நகரத்துக்கு வந்தால் அது அழியும் என்று நம் பாட்டன்மார் நம்பினார்கள். இன்று நகரத்துக்கு வெளியே சேரியைக் கட்டித் தருவது ஒரு வாரியம், அதுவும் எட்டு மாடியில். குடியமர்த்தப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள் என்பதை அங்கே போகும் எவரும் காணலாம். 'கண்ணகி நகர்' என்று முகவரி எழுதியதாலேயே வேலை மறுக்கப்பட்ட இளைஞர்களை நமக்குத் தெரியும். பழைய தீண்டாமை புதிய அஞ்சல் குறியீட்டு எண்ணுடன் வருகிறது.

ஒரு கேள்வியை எதிர்பார்க்கிறோம். அண்ணல் அம்பேத்கரே தனிக் குடியேற்றம் கேட்டாரே? கேட்டார். 1947இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' ஆவணத்தில் குடியேற்ற ஆணையம் அமைக்கக் கோரினார். ஆனால் அவர் கேட்டது நிலத்தோடு கூடிய குடியேற்றம். ஊராரிடம் கூலிக்குக் கையேந்தும் நிலையிலிருந்து விடுபட அது வழி. இன்று நடப்பது அதற்கு நேர் எதிர். கூலி இருந்த இடத்திலிருந்து பிரித்து, நிலம் இல்லாத மாடியில் வைக்கிறார்கள். சேர்ந்து வாழ வைப்பது எப்படி என்று அரசுக்குத் தெரியாமலும் இல்லை. 1997இல் அறிவித்த சமத்துவபுரத்தில் 100 வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்று எண்ணிப் பிரிக்கத் தெரிந்தது. கிராமத்தில் எண்ணிய அரசு நகரத்தில் ஏன் எண்ண மறந்தது?

இனி கட்டடத்துக்கு வருவோம். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிய கலவரத்தில் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. எம்.சி. ராஜா அன்று நமக்காகக் குரல் கொடுத்தார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2021இல், அதே புளியந்தோப்பின் கேசவப் பிள்ளை பூங்காவில் புதிதாகக் கட்டிய வாரிய அடுக்குமாடியில் சுவரைத் தொட்டால் பூச்சு கையோடு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் பழைய வாரியக் கட்டடம் சரிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்டு மக்கள் தாமாகவே வெளியேறியதால் உயிர்கள் பிழைத்தன. அந்த ஆண்டில்தான் வாரியத்தின் பெயர் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றப்பட்டது. 'குடிசை' என்ற சொல் போனது. பூச்சு உதிர்வது நின்றால் பெயர் மாற்றத்தையும் வரவேற்போம்.

நாம் கேட்பது என்ன? ஒன்று, 1985இல் நின்ற பட்டியல் மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டு, இருக்கும் இடத்திலேயே வீடு. முடியாத இடத்தில் அதே வட்டாரத்துக்குள் வீடு. நகரத்துக்குள் நிலம் இல்லை என்று சொல்லும் அரசு, தன் நிலங்களின் கணக்கை முதலில் மக்கள் முன் வைக்கட்டும். மூன்று, ஒதுக்கீட்டு ஆணையோடு நிறுத்தாமல், குடும்பத்துப் பெண் பெயரில், நிலத்தின் பங்கோடு கிரயப் பத்திரம். பஞ்சமி நிலத்தை இழந்த சமூகம் நாம். காகிதத்தின் அருமை நமக்குத் தெரியும். நான்கு, எந்தச் சாதியினர் எங்கிருந்து எங்கே அனுப்பப்பட்டார்கள் என்ற விவரத்தை வாரியம் வெளியிட வேண்டும். எண்ணப்படாத அநீதி கொள்கையாகத் தெரியாது, தற்செயலாகவே தெரியும்.

1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. நடைபாதையில் வாழ்பவர் அங்கே வாழ்வது பிழைப்பு அங்கே இருப்பதால்தான் என்பதையும் ஏற்றது. ஆனாலும் அகற்றுவதை அது தடுக்கவில்லை. தீர்ப்பு பாதி வழியில் நின்ற இடத்திலிருந்துதான் நம் வேலை தொடங்குகிறது.

இங்கே இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் போங்கள். ஒவ்வொரு குடும்பத்திடமும் மூன்றே கேள்வி கேளுங்கள்: முன்பு எங்கே இருந்தீர்கள், இப்போது வேலைக்கு எங்கே போகிறீர்கள், கையில் என்ன காகிதம் இருக்கிறது? வரும் பதில்களை அப்படியே எழுதுங்கள். முடிந்தால் திரும்பும் முன் ஒரு மனுவும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நம் தோழருக்கு அதைவிடச் சிறந்த நினைவஞ்சலி இல்லை.

ஜெய் பீம்.