கையெழுத்தும் சுயமரியாதையும்

(சங்கரன்கோவிலில் இளைஞர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



சினிமா நடிகர்களிடத்தில் கையெழுத்து வாங்குவது, படம் எடுத்துக் கொள்ளுவது, அவர்களிடத்தில் நடந்து கொள்ளும் முறை ஆகியவைகளைப் பற்றி நான் பேச வேண்டுமென்று இந்த ஊர் இளைஞர்கள் கேட்டுக் கொண்டார்கள். கடவுள், மதம், ஜாதி என்று பேச வேண்டிய மேடையில் சினிமாக்காரர் சங்கதி எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். யோசித்துப் பார்த்ததில் இதுவும் அதே சங்கதிதான் என்பது விளங்கிற்று. எப்படி என்று சொல்லுகிறேன்.

உங்கள் ஊருக்குப் பெயரே ஒரு கோவிலால் வந்தது. ஆடித் தபசு வந்தால் சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனங்களெல்லாம் வந்து குவிகிறார்கள். அந்த நெரிசலில் எட்டி எட்டி ஒரு கணம் சாமியைப் பார்த்து விட்டால் பிறவி எடுத்த பயன் கிடைத்து விட்டதாக நினைக்கிறார்கள். திரும்பும்போது புற்று மண்ணை மருந்தென்று முடிந்து கொண்டு போகிறார்கள். இதை நாம் மூடநம்பிக்கை என்கிறோம். நல்லது. நாளைக்கே இந்த ஊரில் ஒரு கடையைத் திறந்து வைக்க ஒரு பெரிய நடிகர் வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கே என்ன நடக்கும்? அதே நெரிசல், அதே எட்டிப் பார்த்தல், அதே கன்னத்தில் போட்டுக் கொள்ளாத குறை. புற்று மண்ணுக்குப் பதிலாக ஒரு காகிதத்தில் கிறுக்கிய கையெழுத்து. இப்பொழுது அதுவும் போய் செல்போனில் ஒரு செல்பி. கோவில் பக்கமே போகாத நம் பையன்கூட அங்கே முதல் வரிசையில் நிற்கிறான். அவன் கும்பிடுகிற இடத்தை மாற்றிக் கொண்டானே ஒழிய, கும்பிடுகிற புத்தியை மாற்றிக் கொள்ளவில்லை.

கடவுளுக்கு நாம் செய்கிற காரியங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். விடியுமுன் மேளம் அடித்து எழுப்புகிறோம். ஊரார் முன்னிலையில் எண்ணெய் தேய்த்து, பால் ஊற்றிக் குளிப்பாட்டுகிறோம். சோறு காட்டுகிறோம். ராத்திரி பள்ளியறைக்குக் கொண்டு போய் விடுவதையும் கூட நின்று பார்க்கிறோம். அது கல்; அது செம்பு. அதற்குக் களைப்பில்லை, கோபமில்லை, வெட்கமில்லை. ஆகவே மறைவும் தேவையில்லை. மனிதனுக்கு அப்படியா? சாப்பிடும்போது ஒரு மறைவு வேண்டும். அழும்போது ஒரு மறைவு வேண்டும். பெண்டாட்டி பிள்ளையோடு இருக்க ஒரு மறைவு வேண்டும். ஒரு மனிதனை நாம் கடவுளாக்குகிறோம் என்றால், முதல் வேலையாக அவன் வீட்டுக் கதவைக் கழற்றி வீதியில் போடுகிறோம் என்றுதான் அர்த்தம்.

கடவுளாக்கியவர்களை நாம் வைத்துக் கொள்ளுகிற யோக்கியதையும் தெரிந்ததுதான். 1990-களில் திருச்சியில் நடிகை குஷ்பு அம்மையாருக்குக் கோவிலே கட்டினார்கள். அதே அம்மையார் 2005-ம் வருஷம் பெண்களுடைய கற்பு, கல்யாணம் சம்பந்தமாக ஒரு பத்திரிகைக்குத் தம்முடைய அபிப்பிராயத்தைச் சொன்னார். உடனே துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்து விட்டன. அவர் மீது 20-க்கு மேற்பட்ட வழக்குகள் போட்டார்கள். 2010-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் சுப்ரீம் கோர்ட் அவைகளை ரத்து செய்யும் வரையில் அந்த அம்மையார் கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டியதாயிற்று. கும்பிடுகிறவனுக்குச் சாமி வாய் திறக்கக் கூடாது; திறந்தால் செருப்பு. இதுதான் பக்தியின் லட்சணம்.

இனி கையெழுத்து, செல்பிக்கு வருகிறேன். 2018-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் மதுரையில் ஒரு மருத்துவமனைத் திறப்பு விழாவுக்கு நடிகர் சிவகுமார் அவர்கள் வந்தார். நடந்து வரும்போது ஒரு வாலிபர் கேட்காமலே செல்போனை நீட்டிப் படம் எடுத்தார். நடிகர் அதைத் தட்டி விட்டார்; செல்போன் கீழே விழுந்தது. நாடெல்லாம் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தது, ஏசியது. பிறகு அவர் வருத்தம் தெரிவித்து, அந்த வாலிபருக்குப் புதிய செல்போனும் வாங்கிக் கொடுத்தார். இதில் யார் பேரில் குற்றம்? இருவர் பேரிலும்தான். கேட்காமல் ஒருவர் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டியது மரியாதை அல்ல. ஒருவர் கையில் இருந்த பொருளைத் தட்டி விட்டதும் மரியாதை அல்ல. ஆனால், இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவருக்குக் கோபம் வந்தது. பிறகு வருத்தமும் வந்தது. அதாவது அவர் மனிதர்.

இன்னொன்று. 2021-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி சட்டசபைத் தேர்தல். நடிகர் அஜித் குமார் அவர்கள் சென்னை திருவான்மியூரில் ஓட்டுப் போட வந்தார். கொரோனா காலம். முகக்கவசம்கூடப் போடாமல் ஒருவர் நெருங்கிச் செல்பி எடுக்க, அவர் அந்தச் செல்போனைப் பிடுங்கிக் கொண்டார்; பிறகு திருப்பிக் கொடுத்து வருத்தமும் சொன்னார். தோழர்களே! ஓட்டுச் சாவடி என்பது எப்பேர்ப்பட்ட இடம்? அங்கே கோடீசுவரனுக்கும் ஒரு ஓட்டு. கூலிக்காரனுக்கும் ஒரு ஓட்டு. நடிகருக்கும் ஒரு ஓட்டு. அவர் படத்துக்கு டிக்கெட் வாங்கியவருக்கும் ஒரு ஓட்டு. இந்த நாட்டில் எல்லாரும் சரிசமமாக வரிசையில் நிற்கும்படியான இடம் அதைப் போல் வேறு எத்தனை இருக்கிறது? அங்கே போயும் நம் ஆள் தன்னைத் தாழ்த்திக் கொண்டு ஒரு படத்துக்கு முட்டி மோதுகிறான் என்றால், சரிசமம் என்பதன் ருசி அவனுக்கு இன்னும் தெரியவில்லை என்றுதான் நான் சொல்லுவேன்.

இந்த முட்டி மோதுதல் சிரிப்போடு முடிகிறதா? 2024-ம் வருஷம் டிசம்பர் 4-ந் தேதி ராத்திரி ஹைதராபாத்தில் ஒரு தியேட்டருக்கு நடிகர் வந்த நெரிசலில் ஒரு தாய் செத்தாள். அவள் பிள்ளை குற்றுயிராய்க் கிடந்தான். 2025-ம் வருஷம் செப்டம்பர் 27-ந் தேதி கரூரில், ஒரு நடிகர் ஆரம்பித்த கட்சிக் கூட்டத்து நெரிசலில் 41 உயிர் போயிற்று. யார் குற்றவாளி என்பது கோர்ட்டார் முடிவு செய்ய வேண்டிய காரியம். நான் கேட்பது, ஒரு முகத்தைக் கிட்டத்தில் பார்ப்பதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதுதான். பெற்ற பிள்ளையைத் தோளில் தூக்கிக் கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டாமா?

"எங்கள் டிக்கெட் காசில்தானே அவர் பிழைக்கிறார்? எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமாகத் தோன்றும் கேள்விதான். இந்த ஊர் தறிக்காரரையே எடுத்துக் கொள்ளுங்கள். பகலெல்லாம் தறியில் நின்று சேலை நெய்கிறார். அதை ஒரு அம்மாள் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக் கொள்ளுகிறாள். அந்தக் காசில்தான் தறிக்காரர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதற்காக அந்த அம்மாளின் புருஷன் நடுராத்திரியில் தறிக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, "உம்முடைய சேலை வாங்கியவன் வந்திருக்கிறேன், எழுந்து வந்து என்னோடு நில்லும், படம் எடுக்க வேண்டும்" என்றால் நீங்கள் என்ன சொல்லுவீர்கள்? காசு சேலைக்குச் சரியாகப் போயிற்று என்பீர்கள். அப்படியே டிக்கெட் காசும் மூன்று மணி நேர ஆட்டத்துக்குச் சரியாகப் போயிற்று. படம் நன்றாயிருந்தால் புகழுங்கள். மோசமாயிருந்தால் தாராளமாய்க் கண்டியுங்கள். அது உங்கள் உரிமை. அவர் சோற்றுத் தட்டும் அவர் வீட்டுச் சாவும் அவர் குழந்தையின் முகமும் அந்த டிக்கெட்டில் சேர்ந்ததல்ல.

இந்தக் கதவைத் தட்டுகிற புத்தியில் இன்னொரு வகை உண்டு. நேரில் போகாமல், காசு கொடுத்து அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்ப்பது. 1940-களில் லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது" என்றும், பிறகு "இந்து நேசன்" என்றும் பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையை ஆபாசமாக எழுதி விற்றார். 1944-ம் வருஷம் நவம்பரில் அவர் சென்னையில் குத்துப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, அப்பீல் பிரிவி கவுன்சில் வரையில் போய், 1947-ம் வருஷம் விடுதலையானார்கள். நான் கேட்கிறேன், அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் யார்? பாகவதர் பாட்டைக் கேட்டு உருகி, பாகவதர் கிராப்பு வைத்துக் கொண்டு திரிந்த அதே ஜனங்கள்தான். அன்று காசு கொடுத்து வாங்கினோம். இன்று அதுவும் இல்லை, செல்போனில் விரலால் தள்ளித் தள்ளி, யார் யாரோடு போனார், யார் யாரை விட்டார் என்று பார்க்கிறோம். வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் ஏது?

இதனால் பெரிய மனிதர்களைக் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அப்படிச் சொன்னால் நம் இயக்கத்தையே மூட வேண்டியதுதான். சுப்ரீம் கோர்ட் 1994-ம் வருஷம் "நக்கீரன்" பத்திரிகை வழக்கில் இதைப் பிரித்துக் காட்டியது. குடும்பம், கல்யாணம், குழந்தை பெறுதல் போன்ற சொந்தக் காரியங்களில் ஒருவனைத் தனியாக விட்டு விட வேண்டும். உத்தியோகத்திலிருப்பவர்கள் தங்கள் உத்தியோகக் காரியத்தைப் பற்றி அந்த மறைவைக் கேட்க முடியாது என்றது. மறைவாய் வாழும் உரிமை அடிப்படை உரிமை என்று 2017-ம் வருஷம் 9 நீதிபதிகள் சேர்ந்து சொன்னார்கள். ஆகவே, ஒரு நடிகர் ஜாதிப் பெருமை பேசும் படத்தில் நடித்தால் கண்டியுங்கள். ஓட்டுக் கேட்டு வந்தால் கொள்கை என்ன என்று குறுக்குக் கேள்வி கேளுங்கள். அது நம் கடமை. ஆனால், நம் ஜனங்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல், பார்க்கக் கூடாத இடத்தை எட்டிப் பார்க்கிறார்கள். இது தலைகீழ் அல்லவா?

அப்படியானால் கையெழுத்தே வாங்கக் கூடாதா? தாராளமாய் வாங்கலாம். ஒருவர் திறமையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, ஞாபகத்துக்கு ஒரு கையெழுத்துக் கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. காந்தியார் தம்முடைய கையெழுத்துக்கு அய்ந்து ரூபாய் வாங்கி ஹரிஜன நிதியில் சேர்த்தார். நம் பெரியாரும் கையெழுத்துக்கும் படம் எடுப்பதற்கும் காசு வாங்கி இயக்கத்துக்குச் சேர்த்தார். இதைக் கஞ்சத்தனம் என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல ஏற்பாடாகவே தோன்றுகிறது. ஏனென்றால் காசு கொடுத்து ரசீது போல வாங்கினால், அது ஆசீர்வாதம் அல்ல, மை பட்ட காகிதம் என்பது வாங்குகிறவனுக்கு விளங்கி விடும்.

எனக்குத் தோன்றிய சில முறைகளைச் சொல்லுகிறேன். நேரே நின்று, "அய்யா" என்றோ "அம்மா" என்றோ கூப்பிட்டு, ஒரு தரம் கேளுங்கள். பேனாவும் புத்தகமும் தயாராய் வைத்துக் கொள்ளுங்கள். வெறும் தாளில் கேட்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட அறிவுள்ளவர் எவரும் யோசிப்பார். சாப்பிடுகிற இடத்திலும், ஆஸ்பத்திரியிலும், சாவு வீட்டிலும், குழந்தையோடு போகும்போதும் கேட்காதீர்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தோளில் கை போடாதீர்கள். முக்கியமாக, நடிகை என்றால் தொட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறவன் ரசிகன் அல்ல, காலி. பக்கத்தில் நிற்கிறவர்களே அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். "இப்போது முடியாது" என்றால், "சரிங்க" என்று திரும்பி வாருங்கள். முடியாது என்ற பதிலைக் கேட்டுத் திரும்புவது அவமானமல்ல. காலில் விழுந்து கெஞ்சி வாங்கி வருவதுதான் அவமானம்.

நடிகர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றும் வரையில் பார்த்துச் சிரித்துக் கொண்டிருந்து விட்டு, வீட்டு வாசலில் கூட்டம் நின்றால் மட்டும் கோபித்துக் கொள்ளுவதில் நியாயமில்லை. பக்கத்தில் வருகிறவனை அடியாட்களை விட்டு நெட்டித் தள்ளுவதிலும் நியாயமில்லை. அவனுக்கும் மானம் உண்டு. அஜித் குமார் அவர்கள் 2011-ம் வருஷம் தம்முடைய ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021-ம் வருஷம் டிசம்பரில், பட்டப் பெயர் வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று கேட்டுக் கொண்டார். இது நல்ல காரியம். 1929-ம் வருஷம் செங்கற்பட்டு மாநாட்டில் நம்மவர்கள் பெயருக்குப் பின்னால் இருந்த ஜாதிப் பட்டத்தை வெட்டி எறியத் தீர்மானித்தார்கள். பின்னால் வெட்டிய வாலை முன்னால் ஒட்ட வைத்துக் கொள்ளுவதற்காக அல்ல அது.

தோழர்களே! முடிவாகச் சொல்லுகிறேன். சுயமரியாதை என்பது நம்மை நாம் மதிப்பது மாத்திரம் அல்ல. எவனையும் தனக்கு மேலே வைக்காதவன்தான் எவனையும் தனக்குச் சமமாய் நடத்துவான். சமமாய் நினைக்கிறவனுடைய கதவைத்தான் தட்டிக் கேட்டு விட்டு உள்ளே போவான். அடுத்த தரம் ஒரு நடிகர் இந்த ஊருக்கு வந்தால், இரண்டு மனிதர்கள் சந்திக்கிறார்கள் என்று நினைத்துக் கொண்டு போங்கள். கையெழுத்துக் கிடைத்தாலும் சந்தோஷம், கிடைக்காவிட்டாலும் குறைவில்லை. நிமிர்ந்து போனவர் நிமிர்ந்தே திரும்ப வேண்டும்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.