தென்சீனத்து மூலிகைத் தேநீர்: கசப்பில் வாழும் மரபு



வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில் மரபைப் பற்றிப் பலரும் பேசுவர். நான் ஒரு கிண்ணம் கஷாயத்தைக் கொண்டு அதைப் பேச விழைகிறேன். தென்சீன மக்கள் 'லியாங் சா' என வழங்கும் மூலிகைத் தேநீர் அது. 'குளிர்ச்சித் தேநீர்' என்பது பெயரின் பொருள்.

அதை வெதுவெதுப்பாக அருந்துவதே பழைய வழக்கம். உடற்சூட்டைத் தணிப்பதால் குளிர்ச்சி என்றனர். அதில் பொதுவாகத் தேயிலை இராது. பூவும் வேரும் தழையும் கொதித்து வடிந்த நீரையும் மக்கள் 'சா' என்றே அழைத்தனர். அந்தச் 'சா'தான் பல நாடு கடந்து நம் பேச்சில் சாயா ஆயிற்று. ஃபூஜியான் கடற்கரையார் சொல்லும் 'தே' நம் தேயிலையில் நிற்கிறது.

குவாங்டோங், ஹாங்காங், மக்காவ் ஆகியவை இத்தேநீரின் தாயகம். வெயிலும் ஈரமும் ஒருங்கே வாட்டும் நிலம் அது. தொண்டை கரகரத்தாலும் வாயில் புண் கண்டாலும் 'சூடு ஏறிவிட்டது' என்பர் அவ்வூரார். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளத் தமிழருக்கு விளக்கம் வேண்டியதில்லை. குவாங்டோங்கின் லோஃபூ மலையில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கெ ஹோங், எளிதிற் கிடைக்கும் மூலிகைகளைக் கொண்டு அவசர மருத்துவக் கையேடு ஒன்றை எழுதினார். அந்நூலின் குறிப்பொன்றே மலேரியா மருந்தைக் கண்டறிய டு யூயூ அம்மையாருக்கு வழிகாட்டியது. 2015இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இத்தேநீரில் வகைகள் பல. 'ஐம்மலர்த் தேநீர்' என்பதில் செவ்வந்தி, ஹனிசக்கிள், முள்ளிலவம்பூ, ஈழத்தலரி முதலியன சேரும். எந்த ஐந்து என்பது கடைக்குக் கடை மாறும். இவற்றுள் ஈழத்தலரி அமெரிக்க மண்ணிலிருந்து வந்த மரம். வந்தேறிய பூவையும் மரபு தன் பூவாக ஏற்றுக்கொண்டது. 'இருபத்துநான்கு சுவை' என்பது கடுங்கசப்பு. பெயரில் உள்ள எண்ணிக்கையைக்கூட எல்லாக் கடையினரும் கண்டிப்பாகக் காப்பதில்லை.

1828இல் குவாங்சௌ நகரில் தோன்றியது 'வோங் லோ காட்' என்னும் புகழ்பெற்ற கடை. மருத்துவருக்குக் கொடுக்கப் பணமில்லாத உழைப்பாளி, சில காசுக்கு ஒரு கிண்ணம் வாங்கி நின்றபடியே குடித்துப் போகலாம். இத்தகைய கடைகளின் முகப்பில் சுரைக்குடுக்கை வடிவிலான பித்தளைக் கலங்கள் பளபளக்கும். சுரைக்குடுக்கை சீன மருத்துவரின் அடையாளம். 1950களின் ஹாங்காங்கில் பல வீடுகளில் வானொலி இல்லை. இக்கடைகளில் வானொலி இருந்தது. காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியும் இருந்தது. இளைஞர்கள் ஒரு கிண்ணத்தின் விலையில் பாட்டும் பேச்சுமாக மாலையைக் கழித்தனர். அதுவும் ஒரு வட்டமே அன்றோ!

2006இல் சீன அரசு தன் முதல் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இத்தேநீரைச் சேர்த்தது. அதற்குள்ளாகவே சிவப்புத் தகரக் குவளையில் அடைத்த இனிப்பு வடிவம் நாடெங்கும் பரவியிருந்தது. அக்குவளையின் தோற்றம் யாருக்கு உரியது என்று இரு நிறுவனங்கள் வழக்காடின. இருவரும் பயன்படுத்தலாம் என 2017இல் உச்ச மக்கள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குவளையின் நிறத்துக்கு வாரிசு கேட்டு வழக்குத் தொடுக்க ஆள் உண்டு. கசப்புக்காக வழக்காட யார் வருவார்?

குவளையை நான் பழிக்கவில்லை. இந்தப் பானத்தை அறியாத வடசீனத்தாருக்கும் அதன் பெயரைக் கொண்டுசேர்த்தது அதுவே. ஆயினும் பழைய கடைக்காரர் செய்த ஒன்றைக் குவளை செய்யாது. அவர் வந்தவரின் முகம் பார்ப்பார், "தொண்டையா, தூக்கமின்மையா?" என்று கேட்பார், அதற்கேற்ற கலத்தைத் திறப்பார். கருவுற்றவருக்கும் குளிர்ந்த உடல்வாகினருக்கும் வேண்டாம் என்று மறுப்பதும் அம்மரபின் அறிவே. எதிரில் நிற்பவர் யார் என்று கேட்கும் அந்தக் கேள்வியையே நான் மரபின் உயிர் எனக் கருதுகிறேன். மூலிகைகளின் எண்ணிக்கை மாறலாம். அயல்மரத்துப் பூ நுழையலாம். அக்கேள்வி நின்றுவிட்டால் எஞ்சுவது பெயரும் சர்க்கரையும்தான்.

கவிஞர்களாகிய நமக்கும் இது பொருந்தும். யாப்பைக் காத்தோமா, விட்டோமா என்று பத்தாண்டுகளாக இங்கே வாதிட்டிருக்கிறோம். அந்த வாதம் தொடரட்டும். ஆனால், கேட்பவரின் நோவை விசாரித்தபின் எழுதுகிறோமா, எல்லோருக்கும் இனிக்கும் ஒன்றைக் குவளையில் அடைக்கிறோமா என்பதையும் இனிவரும் கூட்டங்களில் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். கசக்கும் கவிதையைப் பொறுமையுடன் கேட்டு, கசப்பு ஏன் என்று வினவும் அவையாக இவ்வட்டம் நிலைத்திட வாழ்த்தி அமைகிறேன்.