படிவம் நான்கும் இயற்பியலும்

(சங்கத்தின் பெற்றோர் – மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



முன்வரிசையில் பிடித்து உட்கார வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகளே! பேசப்போவது ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் என்று அறிவித்ததும் சிலர் பிரியாணி மணம் வரும் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன். அவனுடைய அத்தா உணவகத்தில் தண்ணீர் கலக்குபவர். படிவம் நான்கின் முதல் சோதனையில் பையன் வாங்கியது 18. அத்தா பள்ளிக்கு வந்து, "சார், இவனுக்கு இது வருமா?" என்று கேட்டார். "கணக்கியலுக்கு மாற்றிவிடுங்கள்" என்றேன். இரண்டு நிமிடப் பேச்சு. பையன் மாறினான், எஸ்.பி.எம். தேர்வையும் நன்றாகவே எழுதினான். பிறகு பொறியியல் படிக்க ஆசைப்பட்டு என்னிடம் வந்தபோதுதான், இயற்பியல் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது என்பதை நான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதே சோதனையில் 15 வாங்கிய இன்னொருவன் இருந்தான். அவன் பாடத்தை விடவில்லை. காரணம், அவனைப் பற்றிக் கேட்க யாரும் பள்ளிக்கு வரவில்லை. எஸ்.பி.எம்.மில் தேறி, பொறியியலுக்கே போனான்.

ஏன் 18 வருகிறது? மூன்றாம் படிவம் வரை அறிவியலை ஓரளவு மனப்பாடத்தில் ஓட்டிவிடலாம். நான்காம் படிவத்தில் அளவீடு முடிந்ததும் விசையும் இயக்கமும் வந்து நிற்கும். அங்கே மனப்பாடம் கைகொடுக்காது. இன்னொன்று சொற்கள். கடையில் "5 கிலோ எடை அரிசி" என்கிறோம். இயற்பியலில் 5 கிலோ என்பது பொருண்மை. மலாய்ப் பாடநூலில் அது ஜிசிம். எடை என்பது பூமி அதை இழுக்கும் விசை, ஏறக்குறைய 49 நியூட்டன். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடரும் பிள்ளை இந்த இடத்தில் தடுக்கி விழுவது மூளைக் குறைவால் அல்ல. ஒரு நோட்டில் மூன்று மொழிச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தாலே பாதிப் பயம் போய்விடும்.

அந்தப் பையனுடைய அத்தா நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்ததே இயற்பியல்தான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. தே தாரிக்கை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஊற்றினால், கீழே உள்ள குவளையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 4.4 மீட்டர். மெல்லிய தாரையாக நீளும்போது காற்றுப்படும் பரப்பு கூடுகிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் தேநீர் சீக்கிரம் ஆறுகிறது. விசை, வெப்பம், இரண்டும் படிவம் நான்கின் பாடம்.

நம் காப்பாரிலேயே சுல்தான் சலாவுடின் அப்துல் அஸிஸ் மின்நிலையம் இருக்கிறது. அதன் புகைபோக்கிகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அங்கே நீராவி சுழலியைச் சுற்றுகிறது. சுழலி மின்னாக்கியைச் சுற்றுகிறது. அந்த மின்சாரத்தை ஏன் அவ்வளவு உயர்ந்த வோல்ட்டில் கம்பியில் அனுப்புகிறார்கள்? வோல்ட்டைப் பத்து மடங்கு கூட்டினால், அதே மின்திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். கம்பியில் வெப்பமாக வீணாவது நூறில் ஒன்றாகும். படிவம் ஐந்தின் மின்காந்தவியல் பாடம் இது.

பெற்றோருக்கு ஒரு செய்தி. "எங்கள் மகள் மருத்துவம் படிக்கப் போகிறாள், உயிரியல் போதும்" என்று சொல்பவர்கள் உண்டு. போதாது. மருத்துவத்துக்கும் எஸ்.பி.எம்.மில் இயற்பியலில் நல்ல தேர்ச்சி கேட்கிறார்கள். பொறியியலுக்குக் கூடுதல் கணிதமும் சேர்த்து வேண்டும். அதை விட்டுவிட்டு இயற்பியலை மட்டும் பிடித்துக்கொண்டால் ஆறாம் படிவத்தில் மூச்சு முட்டும். எஸ்.பி.எம்.முக்குப் பிறகு மெட்ரிகுலேஷன் ஓராண்டு, பல்கலைக்கழக அடிப்படைக் கல்வியும் பெரும்பாலும் ஓராண்டு, எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. எஸ்.டி.பி.எம். கடினம் என்று பயமுறுத்துவார்கள். கடினம்தான். ஆனால் செலவு குறைவு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ். மெட்ரிகுலேஷன் இடம் கிடைக்கவில்லை என்று வீட்டில் துக்கம் காக்க வேண்டியதில்லை.

இராமேஸ்வரத்து அப்துல் கலாமை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் பட்டம் பெற்றவர் அவர். தனக்குரியது பொறியியல் என்பது பட்டம் பெற்ற பிறகுதான் தெரிந்தது, இன்டர்மீடியட் முடித்ததுமே அதில் சேர்ந்திருக்கலாம் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வழி சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் இந்த மண்டபத்தில் நிறைய இருக்கின்றன. அந்த அக்காவைப் போன்றவர்கள் நம்மிடம் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பதினாறு வயதில் சரியான வழியைச் சொல்லும் ஆள்தான் குறைவு. நானே தவறாகச் சொன்னவன்.

பிள்ளைகளே, இன்றிரவு ஒரு பூட்டை ஒரு மீட்டர் நூலில் கட்டித் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டிவிடுங்கள். போய்த் திரும்பி வந்தால் ஒன்று. இருபது எண்ணுங்கள், நாற்பது வினாடி ஆகும். பிறகு நூலைக் கால் மீட்டராக்குங்கள். எத்தனை வினாடி? பத்து என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள், எண்ணிப் பாருங்கள். எஸ்.பி.எம். செய்முறைத் தாளில் கேட்பதும் இதே மாதிரி வேலைதான்: அளப்பது, அட்டவணை போடுவது, வரைபடம் வரைவது, கோட்டின் சரிவைப் படிப்பது.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு சங்கத்தின் மேல்மாடி அறையில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். பூட்டும் நூலும் கொண்டு வாருங்கள். 18 வாங்கியவர்கள் அந்தச் சோதனைத் தாளையும் கொண்டு வாருங்கள். அத்தாவையோ உம்மாவையோ கூட்டி வந்தாலும் சரி. இந்த முறை இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல மாட்டேன்.