காற்றாலையும் அதன் மொழியும்



2014 ஜூலை 17ஆம் நாள், ஆம்ஸ்டர்டாமிலிருந்து நம் கோலாலம்பூருக்குப் புறப்பட்ட எம்.எச். 17 விமானம் உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்டது. இறந்தோர் 298 பேர். அவர்களுள் 43 பேர் மலேசியர். பெரும்பாலோர் நெதர்லாந்து நாட்டினர். அந்நாடு துக்கம் அனுசரித்தபோது, அங்குள்ள பழைய காற்றாலைகளும் தம் இறக்கைகளைத் துக்க நிலையில் நிறுத்தின.

அஃது ஒரு மொழி. ஆலை ஓயும்போது, மேலெழும் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னரே நிறுத்தப்பட்டால் அந்த வீட்டில் மகிழ்ச்சி. உச்சியைக் கடந்து சற்றே சரிந்து நின்றால் இழவு. தொலைவில் வயலில் நிற்போரும் செய்தியை அறிந்துகொள்வர். வருவதும் போவதும் எனக் கொண்டால் இது காரணக்குறி. சில வட்டாரங்களில் பொருள் மாறிவருவதை நோக்கினால் இடுகுறி. நன்னூல் படித்த மாணவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

தமிழில் ஆலை என்பது முன்பு கரும்பு பிழியும் எந்திரத்தைக் குறித்தது. நெதர்லாந்தின் கிண்டர்டைக் என்னும் சிற்றூரில் உள்ள 19 காற்றாலைகள் எதையும் பிழிவதில்லை, அரைப்பதுமில்லை. பெரும்பாலும் 1740ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அவை, தாழ்ந்த நிலத்தில் தேங்கும் நீரை மேலேற்றி ஆற்றுக்கு அனுப்பின. பின்னர் நீராவி எந்திரமும் அதன்பின் வந்தவையும் அவற்றின் வேலையைப் பறித்தன. ஆயினும், இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் கிட்டாதபோது பழைய இறக்கைகளே மீண்டும் நீர் இறைத்தன. ஓட்டத் தெரிந்தவர்கள் இருந்தமையால் அது இயன்றது.

காற்றாலைகளைக் காக்க அந்நாட்டில் 1923இலேயே ஒரு சங்கம் தோன்றியது. ஆனால் கட்டடம் நின்றது; ஆலைக்காரர்கள் குறைந்தனர். சுழலாத ஆலை விரைவில் கெடும். எனவே 1972இல் தன்னார்வ ஆலைக்காரர்களுக்கென ஓர் அமைப்பு எழுந்து, காற்றைக் கணிக்கவும், இறக்கையில் பாய் விரிக்கவும், சுழல்வதை நிறுத்தவும் பயிற்சி அளித்தது. யுனெஸ்கோ 1997இல் கிண்டர்டைக்கை உலக மரபிடமாக ஏற்றது. 2017இல் அது பட்டியலில் சேர்த்தது ஆலைக்காரரின் தொழில்திறனை. இந்த இரண்டாவது செயலே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நாம் கூடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். 1881இன் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்த நகரைச் செங்கல்லால் கட்டியெழுப்ப இங்கே சூளைகள் எரிந்தன. பெயர் இருக்கிறது, மண் பிசைந்தவர்களின் சொற்கள் எங்கே?

இதைக் கேட்கும் தகுதி எனக்குக் குறைவு. முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரத் தொழிலாளரிடம் சொல் திரட்டினேன். கித்தா, மங்கு, ஒட்டுப்பால், நிரை எனப் பட்டியல் நீண்டது. மூதாட்டி ஒருவர், "மரத்துக்கிட்ட வாங்க தம்பி, வெட்டிக் காட்டுறேன்" என்றார். எனக்கோ பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. என் ஏட்டில் 'நிரை' என்ற சொல்லுக்கு நேரே 'மர வரிசை' என்று மட்டும் இருக்கிறது. இருள் பிரியுமுன் அவர் எத்தனை மரங்களை வெட்டி முடித்தார், கத்தியை எந்தச் சாய்வில் பிடித்தார் என்று அதில் இல்லை.

உங்கள் வீட்டில் பால்மரம் வெட்டிய பாட்டி இருந்தால், இவ்வாரமே அவரிடம் அமருங்கள். சொல்லை மட்டும் கேட்காதீர்கள், கையையும் பாருங்கள்.